நிக்கல்சன் விழுந்தாரா, அழுத்தினாரா? கேள்வி பதில்

1957இல் டேவிட் லீன் எடுத்த ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்’ படத்தின் கடைசிப் பத்து நிமிடங்களைப் பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். வந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

திருச்சி, கல்லூரி மாணவர்: ஐயா, நேற்றுதான் முதல்முறை பார்த்தேன். கர்னல் நிக்கல்சன் வெடியை வெடிக்கவைக்கும் கைப்பிடிமேல் விழுவது வேண்டுமென்றா, தற்செயலா?

தம்பி, முதலில் நடந்ததை வரிசையாக வைத்துக்கொள்வோம். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரிடம் கைதியான பிரிட்டிஷ் அதிகாரி நிக்கல்சன். தன் ஆட்களை வைத்து எதிரிக்கே ஒரு ரயில் பாலம் கட்டிக்கொடுத்து, அதில் பெருமையும் கொள்கிறார். அதைத் தகர்க்க நேச நாட்டுக் குழு ஒன்று வெடி வைத்திருக்கிறது. இரவோடு இரவாக ஆற்றில் தண்ணீர் வற்றி வெடிக்கம்பி வெளியே தெரிகிறது. முகாமின் ஜப்பானியத் தளபதி சைட்டோவை அழைத்துக்கொண்டு, மணலிலிருந்து கம்பியை இழுத்தபடியே நடக்கிறார் நிக்கல்சன். பாலத்தைத் தகர்க்க வந்த ஜாய்ஸ் பாய்ந்து சைட்டோவைக் குத்திக் கொல்கிறான். தன் தரப்புப் பையனான அவனையே மடக்கிப் பிடித்து, ஜப்பானியரை உதவிக்குக் கூப்பிடுகிறார் நிக்கல்சன். குண்டடிபட்டு ஜாய்ஸ் சாகிறான். அதே குழுவிலிருந்து ஆற்றை நீந்தி வந்த ஷியர்ஸும் சாகிறான். முகாமிலிருந்து தப்பிச் செத்துப்போனதாக நினைத்திருந்த பழைய கைதி ஷியர்ஸின் முகத்தை அடையாளம் கண்ட பிறகுதான், ‘என்ன காரியம் செய்துவிட்டேன்’ என்கிறார். உடனே பீரங்கிக் குண்டு ஒன்று பக்கத்தில் வெடிக்கிறது. தள்ளாடி எழுகிறார், கண் செருகுகிறது, நாலடி நடந்து கைப்பிடிமேல் சாய்கிறார். ரயிலோடு பாலம் போகிறது.

அந்தக் குண்டு விழும் இடத்தைக் கவனியுங்கள். அது இல்லாமல் அவர் நேரே நடந்துபோய் அழுத்தியிருந்தால், பாவம் கழுவிய வீரர் என்று கைதட்டிவிட்டு எழுந்து போயிருப்போம். அந்தச் சொல்லுக்கு முன்பே விழுந்திருந்தால், கடைசிவரை புரியாமல் செத்த மனிதர். லீன் குண்டைச் சொல்லுக்கும் செயலுக்கும் நடுவில் போடுகிறார். அதனால் நமக்கு உறுதியாகத் தெரிவது ஒன்றுதான்: அவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததைச் செய்ய உடம்பு அவர் வசம் இருந்ததா என்பதைப் படம் நமக்குக் காட்டவில்லை. நாற்பது வருடமாகத் திரையிட்டுப் பேசிவருகிறேன், காலம் போகப்போக இது எனக்கு இன்னும் சரியாகவே படுகிறது. முதல்நாள் அந்தியில் பாலத்தின்மேல் நின்று தன் 28 வருட ராணுவ வாழ்க்கையைப் பற்றிப் பேசுவார் அல்லவா? அப்போது கைக்கோல் நழுவி ஆற்றில் விழும். ராணுவ ஒழுங்கே உருவான அந்த மனிதரின் பிடி அங்கேயே தளரத் தொடங்கிவிட்டது.

சேலம்: எத்தனை ஆஸ்கர்?

ஏழு. திரைக்கதை விருது நாவலாசிரியர் பியர் பூல் பெயரில் போனது. உண்மையில் எழுதிய கார்ல் ஃபோர்மனும் மைக்கேல் வில்சனும் அப்போது ஹாலிவுட்டின் கறுப்புப் பட்டியலில், அதாவது கம்யூனிஸ்டுகள் என்று சந்தேகித்து வேலை மறுக்கப்பட்டவர்களின் பட்டியலில், இருந்தார்கள். விருது அவர்கள் பெயருக்கு மாறியபோது இருவரும் உயிரோடு இல்லை.

கோவை: நாவலில் பாலம் தகர்வதே இல்லையே. அப்படியானால் தற்செயல் என்பதுதானே ஆசிரியரின் எண்ணம்?

நாவலில் பாலம் நிற்கும் என்பது சரி. ஆனால் அங்கே நிக்கல்சனுக்குக் கடைசிவரை எதுவும் புரிவதில்லை, கைப்பிடிமேல் விழுவதும் இல்லை. இல்லாத காட்சிக்கு நாவல் எப்படிச் சாட்சி சொல்லும்? நாவலைக் கொண்டுவந்து படத்துக்கு முட்டுக்கொடுக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் இதைச் சொல்கிறேன்.

நாகர்கோவில்: வேண்டுமென்றே விழுந்தாரா என்று சொல்லிவிடுங்கள் சார்.

முதல் பதிலைப் பாருங்கள்.

புதுச்சேரி: மலைமேலிருந்து பீரங்கி சுட்ட வார்டன் தன் ஆட்களையே கொன்றாரா?

நல்ல கேள்வி. பலரும் நிக்கல்சனோடு நின்றுவிடுகிறார்கள். படத்தில் ஜாய்ஸும் ஷியர்ஸும் ஜப்பானியத் துப்பாக்கிக்கு இரையாகிறார்கள். ஆனால் குழுவின் தலைவரான வார்டனின் குண்டுகளும் அவர்களைச் சுற்றித்தான் விழுகின்றன. பிறகு, கூட வந்த சயாமிய (இன்றைய தாய்லாந்து) பெண்கள் அவரை வெறித்துப் பார்க்க, தன் ஆட்கள் உயிரோடு எதிரியிடம் சிக்கியிருக்கலாம், வேறு வழியில்லை என்று கத்துகிறார். அவர் சுடாமலேயே அவர்கள் செத்திருக்கக்கூடும். ஆனால் சுட்டது அவர் மனதுக்குத் தெரியும். கடமை என்று ஒன்றைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியதில் அவரும் நிக்கல்சனும் ஒன்றுதான்.

யாழ்ப்பாணம்: எங்கள் நாட்டில் எடுத்த படமாமே?

ஆம், கித்துல்கலவில், களனி ஆற்றின்மேல்.

கெடா, மலேசியா: ஐயா, என் தாத்தாவைத் தோட்டத்திலிருந்து சயாமுக்குக் கொண்டுபோனார்கள். திரும்பவில்லை. இந்தப் படத்தில் தமிழ்த் தொழிலாளிகள் எங்கே? ஒரு வெள்ளைக்கார அதிகாரி எப்படி விழுந்தார் என்று இத்தனை நேரம் பேசுவது உங்களுக்கு உறுத்தவில்லையா?

உறுத்துகிறது அம்மா. இதற்குச் சுருக்கமாகப் பதில் சொல்ல மாட்டேன்.

ஜப்பானியர் 1942 நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்த ரயில் பாதை அது. சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர். நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல் வேலை செய்தார்கள், 12,000க்கு மேல் செத்தார்கள். ஆசியத் தொழிலாளிகளோ அவர்களைப்போல் பல மடங்கு. பர்மியர், மலாய்க்காரர், ஜாவாக்காரர், மலாயாவின் ரப்பர் தோட்டத் தமிழர். செத்தவர்களுக்குச் சரியான கணக்கே கிடையாது, 90,000 அல்லது அதற்கும் மேல் என்கிறார்கள். கைதிகளுக்கு அதிகாரிகள் இருந்தார்கள், ராணுவ மருத்துவர்கள் இருந்தார்கள், பெயர் எழுதிவைக்க ஆள் இருந்தது. தோட்டத்து ஆட்களுக்கு அதெல்லாம் இல்லை. காலரா வந்தபோது முகாம் முகாமாகப் போனார்கள். ஆகவே ‘மரண ரயில்’ என்று அழைக்கப்படும் அந்தப் பாதையில் நடந்ததில் பாதியைக்கூட இந்தப் படம் காட்டவில்லை.

சென்னை: இது அநியாயம். படம் ஓர் அதிகாரியின் மனதைப் பற்றியது. இல்லாததை ஏன் தேட வேண்டும்?

தேடுவதில் என்ன தவறு? முடிவின் பொருளே அதில் மாறுகிறது. கடைசியில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு ‘பைத்தியக்காரத்தனம்’ என்று கைதிகளின் டாக்டர் கிளிப்டன் சொல்லும்போது, இரு தரப்பு ராணுவத்தின் கௌரவமும் மோதி எல்லாம் வீணாயிற்று என்று கேட்கிறோம். அந்தப் பாதைக்காகச் செத்த கூலியாட்களை அந்தக் காட்சிக்குள் நிறுத்திப் பாருங்கள், ஒரு பாலம் தகர்ந்ததால் எதுவும் முடியவில்லை என்பது தெரியும். நிஜத்திலும் அப்படித்தான். தாய்லாந்தின் கஞ்சனபுரியில் மரப்பாலம், இரும்புப் பாலம் என்று இரண்டு இருந்தன, 1943இலிருந்து ரயில் ஓடியது, 1945இல்தான் விமானக் குண்டுகள் தகர்த்தன. கைதிகளின் அதிகாரி பிலிப் டூசி நிக்கல்சனைப்போல் ஒத்துழைக்கவில்லை, மரத்தில் கறையானை விட வைத்தார். படத்தை வைத்து வரலாறு பேசாதீர்கள்.

கெடா: அப்படியானால் படத்தை வெறுக்க வேண்டுமா?

வேண்டாம். நான் வெறுக்கவில்லை. உங்கள் தாத்தாவின் பெயர், தோட்டத்தின் பெயர், போன மாதம், வீட்டில் யாருக்காவது தெரிந்தால் இன்றே எழுதி வையுங்கள்.

ஈரோடு: வேண்டுமென்றா, தற்செயலா, ஒரே வார்த்தையில்?

ஒரே வார்த்தையில் சொல்லக்கூடியது என்றால் லீன் அந்தக் குண்டைப் போட்டிருக்க மாட்டார்.

பெங்களூர்: அடுத்த மாதம் கஞ்சனபுரி போகிறேன். படத்தில் வரும் பாலம் இருக்கிறதா?

படத்துப் பாலம் இலங்கையில் வெடித்துப்போனது. அங்கே நிற்பது இரும்புப் பாலம், ஜாவாவிலிருந்து கொண்டுவந்த சட்டங்கள். மேலே வளைவாக இருப்பவை பழையவை, நடுவில் கோணலாக இருக்கும் இரண்டும் போருக்குப் பின் மாற்றியவை. ஆற்றின் பெயரும் அப்போது இது இல்லை, படம் பார்த்துவிட்டு வந்தவர்கள் ‘க்வாய்’ எங்கே என்று கேட்டதால் 1960களில் மாற்றினார்கள். பாலத்தில் நடக்கலாம். ரயில் இன்னும் ஓடுகிறது, வந்தால் ஒதுங்கி நிற்க ஓரத்தில் சின்ன மேடைகள் உண்டு.