கட்டி விற்க நினைக்கிறேன், சரிவுக் காணி சரிவருமா?

கேள்வி: நான் ஹட்டனில் ஆசிரியை. தம்பி கத்தாரிலிருந்து அனுப்பிய காசும் என் சேமிப்பும் கையில் இருக்கின்றன. டிக்கோயாப் பக்கம் 12 பேர்ச் சரிவுக் காணி ஒன்று மலிவாக வந்திருக்கிறது. அதில் மூன்று அறை வீடு கட்டி விற்றால் நல்ல லாபம் பார்க்கலாம் என்கிறார் வீடு கட்டும் மேசன் பாஸ். எனக்கு இது முதல் தடவை. இறங்கலாமா?
– வாசகி, ஹட்டன்

பதில்: இறங்கலாம் சகோதரி. ஆனால் அட்வான்ஸ் கொடுக்க அவசரப்படாதீர்கள். உங்கள் வீட்டை வாங்கப் போகிறவர் பெரும்பாலும் வங்கிக் கடனில்தான் வாங்குவார், அதனால் அந்த வங்கியின் சட்டத்தரணி நாளைக்கு என்னென்ன கேட்பாரோ அதையெல்லாம் இன்றைக்கே நீங்கள் கேட்டுவிட வேண்டும்.

முதலில் உறுதி, அதாவது காணியின் உரிமைப் பத்திரம். முழு உரிமை தரும் தனியார் சின்னக்கர உறுதியா, அரசாங்கம் கொடுத்த அனுமதிப் பத்திரமா, அளிப்புப் பத்திரமா என்று பாருங்கள். 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த காணியைப் பிரதேச செயலாளரின் முன் அனுமதி இல்லாமல் கைமாற்ற முடியாது. தோட்டக் காணி என்றால் இன்னும் கவனம் வேண்டும். அதில் பெரும்பகுதி அரசுடையது, 1992க்குப் பிறகு கம்பனிகள் குத்தகைக்கு வைத்திருப்பது. "பக்கத்தில் எல்லோரும் கட்டித்தானே இருக்கிறார்கள்" என்பார்கள். குடியிருக்க அது போதலாம், விற்கப் போதாது. உறுதி எழுதும் நொத்தாரிசை வைத்துக் காணிப் பதிவகத்தில் 30 வருடத்துக்குத் தேடச் சொல்லுங்கள், அந்தச் செலவில் மட்டும் கை இறுக்க வேண்டாம்.

அடுத்தது மண். நுவரெலியா மாவட்டத்தில் மண்சரிவு அபாயம் உள்ள இடத்தில் கட்ட, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரை இல்லாமல் பிரதேச சபை அனுமதி தராது. 2014இல் மீரியபெத்தையில் ஒரு காலைப் பொழுதில் தோட்டத் தொழிலாளரின் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் மறக்க முடியாது. இன்னொரு குடும்பம் பிள்ளைகளோடு படுத்துத் தூங்கப்போகிற வீடு இது, அந்தப் பரிந்துரையை வெறும் கடதாசியாக நினைக்காதீர்கள். காணி மலிவாக வருகிறதென்றால் காரணம் பெரும்பாலும் சரிவில்தான் இருக்கும்.

12 பேர்ச் என்பது ஏறக்குறைய 3,270 சதுர அடி. சரிவில் அதெல்லாம் வீட்டுக்குக் கிடைக்காது. நம் பக்கத்தில் வழக்கமாக நடப்பது என்னவென்றால், இடம் காணாதென்று பின் மண்மேட்டைச் செங்குத்தாக வெட்டி, அதிலிருந்து ஓர் அடி தள்ளிக் குசினிச் சுவரை எழுப்பிவிடுகிறார்கள், முதல் மழைக்காலத்திலேயே சுவர் வேர்த்துக் கறுப்புப் பூஞ்சணம் ஏறிவிடுகிறது, வீடு பார்க்க வருகிறவர் அதைத்தான் முதலில் பார்க்கிறார். மேட்டுக்குக் கருங்கல் தாங்குச் சுவர் வேண்டும், அதில் தண்ணீர் வடிய பிவிசி குழாய்த் துண்டுகள் வைத்து, உள்பக்கம் ஜல்லி நிரப்பி, கீழே கான் வெட்ட வேண்டும். பாஸ் சொன்ன கணக்கில் இந்தச் சுவர் இருக்கிறதா என்று கேளுங்கள். பெரும்பாலும் இருக்காது. லாபமே அதில் போய்விடலாம் என்பதால் ஓர் எஞ்சினியரிடம் பி.ஓ.கியூ. (ஒவ்வொரு வேலைக்கும் அளவும் செலவும் போட்ட பட்டியல்) எழுதி வாங்கிய பிறகே காணிக்கு விலை பேசுங்கள்.

காணி வாங்கும்போது முத்திரை வரி முதல் ஒரு லட்சத்துக்கு 3 வீதம், மீதிக்கு 4 வீதம். விற்பதற்கென்றே கட்டினால் அது வியாபார வருமானமாகக் கணிக்கப்படலாம், வரிக் கணக்காளரிடம் முன்பே பேசிவிடுங்கள். வேலை முடிந்ததும் பிரதேச சபையின் இணக்கச் சான்றிதழை எடுங்கள், அது இல்லாத வீட்டுக்குக் கடன் கிடைப்பது கஷ்டம்.

வீடு உடனே விலைபோகும் என்று எண்ணித் தம்பியின் காசு முழுவதையும் போட்டுவிடாதீர்கள், அவருக்கு அங்கே வேலை போனாலும் தாங்குகிற அளவுக்கு ஒரு பகுதியை ஒதுக்குங்கள். வட்டிக்கு எடுத்துக் கட்டுவது முதல் தடவைக்கு வேண்டாம். அப்புறம், எல்லாம் சரிவந்தால் மண்வெட்டும் வேலையையும் தாங்குச் சுவரையும் ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையில் முடித்துக்கொள்ளுங்கள், மே பிறந்தால் ஹட்டன் மழை வெட்டிய மண்ணை விட்டுவைக்காது.