ஆறு கேள்வி தூரம்

கேள்வி: எனக்கு 27 வயது. பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறேன். தமிழ்நாடு அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வை 2022, 2024, 2025 என மூன்று தடவை எழுதிவிட்டேன். 200 கேள்விக்கு முதல் தடவை 139 சரி, அடுத்த தடவை 158. போன வருடம் 151தான். என் பிரிவிலேயே இருக்கும் தோழி 157 எடுத்துக் கலந்தாய்வுக்குப் போய்விட்டாள். ரிசல்ட் வந்ததிலிருந்து புத்தகத்தைத் தொட முடியவில்லை. தொட்டால் அழுகை வருகிறது. பள்ளிப் புத்தகங்களை ஐந்து தடவை படித்துவிட்டேன், இதற்கு மேல் என்ன செய்வது? அம்மா, "போதும், விட்டுடு" என்கிறார். விடாமுயற்சி என்பதே என்னிடம் இல்லையோ? இன்னொரு தடவை எழுதட்டுமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தென்காசி மாவட்டம்

பதில்:

அன்புத் தங்கைக்கு,

கடிதத்தோடு உங்கள் வினாத்தாளின் நகலையும் அனுப்பியது நல்லதாகப் போயிற்று. இரண்டு நாள் மாலை அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதில் பார்த்ததைச் சொல்வதற்கு முன்னால் அந்த அழுகையைப் பற்றிப் பேசிவிடலாம்.

அழுகை வந்தால் அழுதுவிடுங்கள். மூன்று வருட உழைப்பு கைக்கு எட்டாமல் போனால் யாருக்கும் வலிக்கும். பதினைந்து நாளைக்குப் புத்தகத்தை அலமாரிக்குள் வைத்துவிடுங்கள். நன்றாகத் தூங்குங்கள். அம்மா "போதும்" என்பது உங்கள் மேல் நம்பிக்கை இல்லாமல் இல்லை. ராத்திரி நீங்கள் அழுவது அவர் காதில் விழுகிறது, அவ்வளவுதான். எந்தத் தாய்க்கும் அதைத் தாங்க முடியாது.

அப்புறம் ஒரு கணக்கு. 2025 தேர்வுக்கு முதலில் அறிவித்த இடங்கள் 3,935. எழுதியவர்கள் 11 லட்சத்துக்கும் மேல். ஓர் இடத்துக்கு ஏறக்குறைய 290 பேர். இதில் இடம் கிடைக்காமல் போனதை வைத்து உங்களுக்கு அறிவு இல்லை, உழைப்பு இல்லை என்று நீங்களே தீர்ப்பு எழுதிக்கொள்வது அநியாயம். அந்த வருடம் தமிழ்ப் பகுதி எவ்வளவு கடினமாக இருந்தது என்று எழுதிய எல்லோரும் புலம்பியது உங்களுக்கே தெரியும். 158-லிருந்து 151-க்கு வந்ததை இறங்கிப் போனதாக நினைக்கிறீர்கள். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலு 2016 ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார். டோக்கியோவில் 1.86 தாண்டி வெள்ளி, 2024 பாரிஸில் 1.85 தாண்டி வெண்கலம். நிறத்தை மட்டும் பார்த்தால் இறக்கம். உயரத்தைப் பார்த்தால் எட்டு வருடத்தில் நான்கே சென்டிமீட்டர் வித்தியாசம். ஒவ்வொரு களமும் வேறு, எதிரே நிற்பவர்களும் வேறு. ஒரு காலில் ஊனத்தோடு மூன்று பாராலிம்பிக்கிலும் பதக்கம் வாங்கிய மனிதரை இறங்குமுகம் என்று சொல்ல நமக்கு வாய் வருமா? உங்களை மட்டும் எப்படிச் சொல்கிறீர்கள்?

சரி, வினாத்தாளுக்கு வருவோம்.

தவறிய கேள்விகள் 49. பகுதி பகுதியாக எண்ணிப் பார்த்தேன். தமிழில் 24, பொது அறிவில் 17, கணக்கில் 8. அந்த எட்டைப் பார்த்துத்தான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நீங்கள் கணிதம் படித்தவர். தனிவட்டி, கூட்டுவட்டி, மீப்பெரு பொது வகுத்தி, வேலையும் நாட்களும் எல்லாம் உங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் அந்த எட்டுக்கு நேரே பென்சிலில் "டைம் இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். எட்டுக்கும் விடைத்தாளில் "விடை தெரியவில்லை" வட்டத்தை நிரப்பியதாகவும் பக்கத்திலேயே குறிப்பு இருக்கிறது.

தோழிக்கும் உங்களுக்கும் இடையில் இருந்தது ஆறு கேள்வி. உங்களுக்கு நன்றாகத் தெரிந்த பாடத்தில் நேரம் இல்லாமல் கைவிட்டது எட்டு.

இது அறிவுக் குறைவு இல்லை, தாளை எழுதிய வரிசையில் உள்ள கோளாறு. முதல் பக்கத்திலிருந்து வரிசையாக எழுதிக்கொண்டே போயிருக்கிறீர்கள். தமிழில் ஒவ்வொரு கடினமான கேள்வியிலும் நின்று யோசித்ததற்கு அடையாளமாக ஓரமெல்லாம் கேள்விக்குறிகள். கடைசியில் கணக்குக்கு வரும்போது மணி அடிக்கும் நேரம். அடுத்த தடவை தமிழுக்கு 55 நிமிடம், உடனே கணக்குக்கு 40, பொது அறிவுக்கு 60 என்று வைத்துக்கொண்டு, மீதி 25 நிமிடத்தில் விட்டதற்குத் திரும்பி வாருங்கள். எந்த வரிசையில் வேண்டுமானாலும் எழுதலாம், தடையில்லை. தவறான விடைக்கு மதிப்பெண் கழிக்காத தேர்வு இது. அப்படியிருக்க "விடை தெரியவில்லை" என்று நிரப்புவது, கையில் இருப்பதைத் தூக்கி எறிவது மாதிரி. நான்கில் ஒன்றைக் குறித்துவிட்டு வாருங்கள்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. பொது அறிவில் தவறிய 17-ல் ஐந்து, "பொருந்தாததைத் தேர்க", "தவறான கூற்று எது" என்ற வகை. ஐந்திலும் சரியான கூற்றைக் குறித்திருக்கிறீர்கள். விஷயம் தெரிந்திருக்கிறது, கேள்வியைத்தான் அவசரத்தில் பாதி படித்திருக்கிறீர்கள். "தவறான", "அல்லாத" என்ற சொற்களைக் கண்டதும் பேனாவால் வட்டம் போடும் பழக்கத்தை இன்றைக்கே ஆரம்பியுங்கள்.

இதை நான் எங்கே கற்றேன் தெரியுமா? 1991-ல் தட்டச்சு ஹையர் தேர்வில் இரண்டு தடவை தோற்றேன். மூன்றாவது தடவை பணம் கட்டப் போனபோது இன்ஸ்டிட்யூட் மாஸ்டர் என் பழைய பயிற்சித் தாள்களை மேசையில் பரப்பி, ஒவ்வொரு பிழையையும் எந்த விரல் செய்தது என்று எழுதச் சொன்னார். எழுதி முடித்தால் பாதிக்கு மேல் இடது கைச் சுண்டுவிரல். ஏ, க்யூ, இஜட் மூன்றும் மங்கலாக விழுந்திருந்தன, இல்லாவிட்டால் விழவே இல்லை. அதுவரை நான் செய்த பயிற்சி, தெரிந்த ஒன்பது விரலுக்கும் சேர்த்துத்தான். அதன்பின் பதினைந்து நாள் அந்த ஒரு விரலுக்கு மட்டும் பயிற்சி. வலித்தது, ஆனால் பாஸானேன். அன்றிலிருந்து விடாமுயற்சி என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தச் சுண்டுவிரல்தான் ஞாபகம் வரும்.

அதனால்தான் ஐந்து தடவை படித்தேன் என்று நீங்கள் எழுதியது எனக்குக் கவலையாக இருக்கிறது. ஆறாவது தடவை அப்படிப் படிக்காதீர்கள். அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் 2006-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு பத்தியை மாணவர்களில் சிலர் திரும்பத் திரும்பப் படித்தார்கள். மற்றவர்கள் படித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நினைவிலிருந்து எழுதியவர்கள் முந்தினார்கள். திரும்பப் படிக்கும்போது "இது தெரியுமே" என்று தோன்றும். தேர்வறையில் அந்தத் தோன்றல் உதவாது. ஒரு பாடத்தை ஒரு தடவை படியுங்கள், மூடுங்கள், வெற்றுத் தாளில் எழுதுங்கள். எது வரவில்லையோ அதை மட்டும் திறந்து பாருங்கள். மூன்று நாள் கழித்து மறுபடி. தமிழில் போன அந்த 24-ஐயும் ஒரு நோட்டில் எழுதி, எந்தப் பாடத்தில் இருந்து வந்தது என்று பக்கத்தில் குறியுங்கள்.

நேரம் எங்கே என்று கேட்பீர்கள். ராத்திரி ஒன்பதரை மணிக்குக் கால் வீங்க வீடு திரும்புகிறவரிடம் தினமும் நான்கு மணி நேரம் படி என்று சொல்ல எனக்கு மனசு வராது. (கடை ஊழியர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டம் திருத்தியாயிற்று. வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் உட்காருங்கள், தயங்காதீர்கள்.) முடிகிற நாளில் இரண்டு மணி நேரம். தீபாவளி, ஆடித் தள்ளுபடி மாதிரி எதுவுமே முடியாத நாளில் பத்தே கேள்வி, பேருந்தில் நின்றபடி போட்டாலும் போதும். இந்தப் பத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஒரு நாள் விட்டுப்போனால், மறுநாள் இருபது போட்டு ஈடுகட்டவும் வேண்டாம். அன்றைக்கும் பத்துதான். ஈடுகட்டுகிறேன் என்று ஆரம்பித்துத்தான் பலபேர் நான்காம் நாள் மொத்தமாகக் கைவிடுகிறார்கள்.

இன்னொரு தடவை எழுதலாமா? எழுதுங்கள் என்றுதான் சொல்வேன். அந்த எட்டையும் ஐந்தையும் பார்த்த பிறகு வேறு பதில் சொல்ல முடியவில்லை. ஆனால் ஒரு எல்லை வையுங்கள். இன்னும் இரண்டு தடவை, அதற்கு மேல் இல்லை என்று அம்மாவிடம் உட்கார்ந்து பேசுங்கள். முடிவு தெரியாத காத்திருப்புதான் அவரை அலைக்கழிக்கிறது. நடுவில் தட்டச்சையும் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் முடித்துவிடுங்கள். குரூப் 4-லேயே தட்டச்சர் இடங்களுக்கும் வழி திறக்கும், வெளியிலும் வேலைக்கு உதவும். "இன்னும் படிச்சிட்டேதான் இருக்கியா" என்று கேட்கும் சொந்தக்காரர்களுக்குப் பதில் சொல்லி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

பதினைந்து நாள் ஓய்வு முடிந்ததும் முழுத்தாளாக ஒரு மாதிரித் தேர்வு எழுதுங்கள். கடிகாரம் வைத்து, தமிழ் முடிந்த கையோடு கணக்கு. கணக்கில் உள்ள 25 கேள்விக்கு எத்தனை சரியாக வந்தது என்று எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள், காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் அக்கா