தளத்தில் தண்ணீர் நிற்கும்போது குற்றாலம் போகலாமா?

திருநெல்வேலிச் சுற்றுவட்டாரத்தில் 25 வருடமாக வீடு கட்டிக் கொடுக்கிறேன். வீடு கட்டுகிற வருடம் முழுக்கப் பிள்ளைகளை எங்குமே கூட்டிப் போகாத குடும்பங்களைப் பார்த்து மனசு கேட்கவில்லை. கட்டட வேலை, பயணம் இரண்டையும் பற்றிக் கேளுங்கள் என்றேன். வந்தவற்றில் சில கேள்விகள்.

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து: அண்ணாச்சி, எங்கள் மனை கரிசல். அஸ்திவாரத்துக்கு வானம் (பள்ளம்) 4 அடி தோண்டினால் போதும் என்கிறார் கொத்தனார். சரியா?

கரிசலுக்கு அப்படி ஒரே அளவு சொல்ல முடியாது, தம்பி. மழையில் உப்பும், கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். மனையில் மூன்று இடத்தில் குழி போட்டு, கரிசல் எங்கே முடிந்து சரளை வருகிறது என்று முதலில் பாருங்கள். அஸ்திவாரம் சரளையில் உட்கார வேண்டும். சரளை ரொம்ப ஆழத்தில் இருந்தால் பைல், அதாவது ஆழமாகத் துளைத்து இறக்கும் காங்கிரீட் தூண், போடுவது பற்றி ஒரு என்ஜினியரிடம் கேளுங்கள். தோண்டியெடுத்த கரிசலையே திரும்ப உள்ளே கொட்டி நிரப்ப மட்டும் விடாதீர்கள்.

பாளையங்கோட்டை ஆசிரியை ஒருவர்: ஆனி கடைசியில் மேல்தளம் காங்கிரீட். ஆடி முதல் வாரம் குற்றாலத்தில் அறை பிடித்தாயிற்று. இரண்டு நாள்தானே, போய் வரலாமா?

அறையைத் தள்ளிப் போடுங்கள், அம்மா. காங்கிரீட் காய்ந்து கெட்டியாவதில்லை. தண்ணீரைக் குடித்துத்தான் இறுகுகிறது. ஓபிசி என்கிற சாதாரண சிமெண்ட் என்றால் குறைந்தது 7 நாள், இப்போது பெரும்பாலும் வாங்குகிற பிபிசி, அதாவது சாம்பல் கலந்த சிமெண்ட் என்றால் 10 நாளாவது ஈரம் வற்றக் கூடாது. 14 நாள் என்று வைத்துக்கொண்டால் நிம்மதி. அதிலும் ஆடிக்காற்று பொல்லாதது. குற்றாலத்தில் சாரலாக விழுகிற அதே தென்மேற்குக் காற்றுதான், மழையை மலையில் விட்டுவிட்டு வறண்டுபோய் நம் மட்டப்பாவுக்கு, மொட்டை மாடிக்கு, வருகிறது. தளத்தில் வரப்புக் கட்டி, காலையில் பாத்தி நிறைய விட்ட தண்ணீர் சாயங்காலம் பாதி இருக்காது.

நான் பட்டதைச் சொல்கிறேன். எங்கள் சொந்த வீட்டுக்குத் தளம் போட்ட மறுநாள் குடும்பத்தோடு ஐந்தருவிக்குப் போனேன். தண்ணீர் விட ஆள் சொல்லியிருந்தேன். திரும்பி வந்து ஏறிப் பார்த்தால், தென்மேற்கு மூலையில் பாத்தி வரப்பு உடைந்து தண்ணீர் வடிந்திருந்தது. அந்த இடம் மட்டும் சாம்பல் வெளுப்பு. குனிந்து பார்த்தேன், தலைமுடி கனத்தில் கோடுகள், கோழி கிளறின மாதிரி குறுக்கும் நெடுக்குமாக. இன்றைக்கும் ஐப்பசி மழைக்கு அந்த மூலைக்குக் கீழே சுவரில் ஈரம் பூக்கிறது. அன்று நனைந்த அருவியைவிட அந்தச் சுவர்தான் எனக்கு ஞாபகம் வருகிறது.

அதனால் ஆடி 20 வாக்கில் போங்கள். சாரல் பெரும்பாலும் ஆவணி வரை இருக்கும். அதற்குள் தண்ணீர் விடும் வேலை முடிந்திருக்கும், உங்களுக்கும் தளத்தைப் பற்றிய யோசனை இருக்காது. தளத்தைக் கீழிருந்து தாங்கும் முட்டுகளை எப்போது பிரிப்பது என்பதைப் புறப்படும் முன் என்ஜினியரிடம் கேட்டு எழுதி வைத்துவிடுங்கள். நீங்கள் இல்லாதபோது அவசரப்பட்டுப் பிரிக்கக் கூடாது. அருவியில் வெள்ளம் என்று தடை போட்டால், திறக்கும்வரை பக்கத்தில் போக வேண்டாம்.

துபாயிலிருந்து, சொந்த ஊர் ஆலங்குளம்: 30 நாள் லீவு. வேலையும் தொடங்க வேண்டும், பிள்ளைகளோடு சுற்றவும் வேண்டும். எந்த மாதம் வரட்டும்?

தை மாதம் வாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்திருக்கும், தோண்டிய வானத்தில் தண்ணீர் நிற்காது. அனுமதியை அங்கிருந்தே முடித்துவிடலாம். 2500 சதுர அடிக்குள் மனை, 3500 சதுர அடிக்குள் வீடு என்றால், 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையில் இணையத்திலேயே கிடைக்கும்.

பிள்ளைகளைக் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்குக் கூட்டிப் போங்கள். பட்டைத்தலை வாத்து இமயமலையைத் தாண்டி வந்து குளத்தில் கிடக்கும். ஊருக்குள் வீட்டு மரங்களிலேயே நாரைகள் கூடு கட்டும். பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்குப் பட்டாசே வெடிக்காத ஊர் அது. வீடு கட்டப் போகிறவர்கள் ஒரு தடவை பார்க்க வேண்டும்.

அம்பாசமுத்திரம்: நல்ல செங்கலை எப்படிக் கண்டுபிடிப்பது?

இரண்டைத் தட்டினால் ணங்கென்று கேட்க வேண்டும். இடுப்பு உயரத்திலிருந்து போட்டால் உடையக் கூடாது. கட்டும் முன் நன்றாக நனையுங்கள்.

வள்ளியூர்: வீட்டுக்கே பணம் இழுக்கிறது. பயணத்துக்கு எங்கே போவது?

அதற்காகக் கடன் வாங்காதீர்கள், அதில் நான் உறுதி. வீட்டுக் கடன் கட்டம் கட்டமாகத்தான் வரும், அதிலிருந்தும் எடுக்க வேண்டாம். முகப்பில் அழகுக்கென்று நிறுத்துகிற தூண்களில் ஒன்றைக் குறைத்தாலே நாலு பேர் பாபநாசம் போய் வரலாம். அகத்தியர் அருவியில் வருடம் முழுக்கத் தண்ணீர் விழும். கட்டுச்சோறு கொண்டு போனால் செலவு இன்னும் குறையும்.

நாங்குநேரி: ஆச்சிக்கு 80 வயது, முழங்கால் வலி. அவர்களை எங்கே கூட்டிப் போகலாம்? வீட்டில் என்ன பார்க்க வேண்டும்?

கிருஷ்ணாபுரம் கோயிலுக்குப் போங்கள். திருச்செந்தூர் சாலையில்தான் இருக்கிறது, அதிகம் நடக்க வேண்டியதில்லை. சிலைகளை உட்கார்ந்தே பார்க்கலாம்.

வீட்டில் ஆச்சி அறை கீழ்த்தளத்தில், பட்டாசலை, அதாவது முன்கூடத்தை, ஒட்டி இருக்கட்டும். வீட்டின் பின்பக்கம் கொண்டு போய் ஒதுக்காதீர்கள். குளியலறைக் கதவு 3 அடி, வழுக்காத தரை, சுவரில் கைப்பிடி. பகலில் எங்கே உட்காரப் பிடிக்கும் என்று கோயில் மண்டபத்தில் வைத்து ஆச்சியிடமே கேளுங்கள். அந்த இடத்துக்குத் தெரு தெரியும்படி ஜன்னல் வைக்கலாம். சுவர் ஜன்னல் மட்டத்துக்கு வருவதற்குள் கேட்டுவிடுங்கள், அப்புறம் கட்டினதை உடைக்கத்தான் வேண்டும்.