கிளிக்கு வித்தை பழக்க எந்தப் பொம்மை வாங்கலாம்?

பறவை வளர்ப்பவர்களின் கேள்விகளை இந்த முறை மொத்தமாக எடுத்துக்கொண்டேன். கூண்டு பற்றியோ தீவனம் பற்றியோ யாரும் கேட்கவில்லை. வித்தைப் பொம்மைகள்தான் எல்லோருக்கும் கவலை.

கேள்வி: எங்கள் வீட்டில் ஒரு வயது காக்டெய்ல் (கொண்டை வைத்த சின்னக் கிளி) இருக்கிறது. கையில் வந்து உட்காரும், தோளில் ஏறும். வீடியோக்களைப் பார்த்துவிட்டு ஆன்லைனில் 'கிளி டிரெய்னிங் செட்' ஒன்று வாங்கினேன். வளையம் மாட்டும் கம்பம், பந்து போடும் கூடை, உண்டியல், குட்டி ஸ்கேட்போர்டு, தள்ளுவண்டி என்று ஐந்து பொருட்கள், 1,400 ரூபாய். பெட்டியைத் திறந்ததிலிருந்து பறவை கூண்டின் மூலையில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. என்னை ஏமாற்றிவிட்டார்களா? வேறு நல்ல செட் எது? (திருப்பூர் வாசகர்)

பதில்: ஏமாற்றினார்கள் என்று சொல்ல முடியாது. உங்களுக்குத் தேவை ஒன்றோ இரண்டோதான். ஐந்தையும் சேர்த்துத் தலையில் கட்டிவிட்டார்கள். வேறு செட் வாங்க வேண்டாம்.

முதலில் அளவைப் பாருங்கள். காக்டெய்ல் 80 முதல் 100 கிராம் வரைதான் எடை இருக்கும். இந்த மாதிரி செட்டுகள் பெரும்பாலும் சன் கன்யூர் என்ற வெளிநாட்டுக் கிளியையும் அதைவிடப் பெரிய கிளிகளையும் மனதில் வைத்துச் செய்யப்படுபவை. கன்யூர் எடையில் கொஞ்சம்தான் கூடுதல், ஆனால் அலகு தடிமன், பிடியும் வலு. உங்கள் பறவைக்கு வளையம் பென்சிலைவிடத் தடிமனாக இருந்தால் கவ்வ வராது. பந்தும் வழவழப்பாக இருந்தால் அலகிலிருந்து நழுவும். ஓட்டை ஓட்டையாகப் பின்னிய பந்துதான் சரிப்படும். ஸ்கேட்போர்டையும் தள்ளுவண்டியையும் இப்போதைக்குப் பரணில் போடுங்கள். கூடை, வளையம், உண்டியல் மூன்றும் பார்வைக்குத்தான் வேறு வேறு. பறவைக்கு மூன்றும் ஒரே வேலை: எடு, கொண்டுபோ, போடு.

பயம் இயற்கை. காட்டில் தெரியாத பொருளைக் கண்டு ஒதுங்கும் பறவைதான் பிழைக்கும். செட்டை அறையின் மறுகோடியில், பறவை பார்க்கிற மாதிரி வைத்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். அது சாதாரணமாகத் தின்று, இறகு கோதிக்கொண்டிருந்தால் மறுநாள் ஒரு முழம் கிட்டே நகர்த்துங்கள். கொண்டை விறைத்து எழுந்து, உடம்பு ஒல்லியாக நீண்டால் பயந்துவிட்டது என்று அர்த்தம். பழைய இடத்துக்கே கொண்டுபோங்கள். சில பறவைகளுக்கு இதற்கே ஒரு வாரம் ஆகும், பரவாயில்லை.

பிறகு ஒரு எவர்சில்வர் கிண்ணமும் அந்தப் பந்தும் போதும். அன்றாடத் தீவனத்திலிருந்து சூரியகாந்தி விதையை எடுத்துவிடுங்கள். அதில் கொழுப்பு அதிகம், தினமும் கிண்ணம் நிறையப் போடக் கூடாத பொருள்தான். இனி அது பரிசாக மட்டுமே கிடைக்கட்டும். பறவை பந்தை அலகால் தொட்ட கணமே நீங்கள் 'டிக்' என்று ஒரு சத்தம் எழுப்புங்கள், உடனே ஒரு விதை. தொடுவது பழகியதும் தூக்கினால்தான் விதை. தூக்கியதும் கிண்ணத்தை நேராக அலகுக்குக் கீழே பிடியுங்கள். கிண்ணத்தில் போட வேண்டும் என்று அதற்கு இன்னும் தெரியாது. விதையை வாங்க அலகைத் திறக்கிறது, பந்து 'டங்' என்று கிண்ணத்தில் விழுகிறது. அந்த 'டங்' கேட்டதும் 'டிக்', பிறகு விதை. இது நன்றாக ஊறிய பிறகு கிண்ணத்தை இரண்டு விரற்கடை தள்ளி வையுங்கள். பந்து வெளியே விழும், விதை கிடைக்காது, பறவை உங்களை முறைக்கும். திட்டாதீர்கள், மறுபடி பந்தைக் காட்டுங்கள். சில தடவை ஏமாந்த பிறகு, பந்தை வாயில் வைத்தபடி ஒரு கணம் நின்று, தலையைக் கிண்ணத்துப் பக்கம் திருப்பும். அப்போது கை நிறைய விதை கொடுங்கள். அதற்குப் பிறகு கிண்ணம் எங்கே இருந்தாலும் தேடிப் போகும்.

ஒரு தடவைக்கு ஐந்து முதல் பத்து நிமிடம், நாளைக்கு இரண்டு வேளை, அவ்வளவுதான். பறவை முகத்தைத் திருப்பிக்கொள்ளும் முன்பே நீங்களாக முடித்துவிட வேண்டும்.

இன்னொன்று. வளையக் கம்பம் தனியாக வேண்டுமென்றால் பறவைக் கடைக்குப் போகாதீர்கள். குழந்தைகள் விளையாடும் அடுக்கு வளையம் போதும், விலையும் குறைவு. குழந்தைப் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். பறவைப் பொம்மைக்கு அப்படிக் கட்டாயத் தர முத்திரை எதுவும் இல்லை. வளையத்தின் தடிமன் மட்டும் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: கடையில் தொங்கும் மணி, சங்கிலி, கயிறு, கண்ணாடி எல்லாம் வாங்கிக் கூண்டில் கட்டியிருக்கிறேன். இவற்றில் ஆபத்து உண்டு என்கிறார்களே? (மதுரை வாசகர்)

பதில்: உண்டு. பறவைக் கடைகளில் விற்பதில் பாதிப் பொருள் பறவைக்கு ஆகாதது என்பது என் அபிப்பிராயம்.

உலோகத்திலிருந்து ஆரம்பிக்கலாம். கிளிக்கு அலகுதான் கை. எதையும் நாளெல்லாம் சுரண்டிக் கடிக்கும். துத்தநாக முலாம் பூசிய கம்பி, மலிவான மணியின் நாக்கு, ஈயப்பற்று வைத்த இணைப்பு இவற்றைச் சுரண்டிச் சுரண்டி விழுங்கினால் விஷமாகும். எடுத்ததை எல்லாம் கக்குவது, எச்சத்தின் நிறம் மாறுவது, கால் தளர்ந்து கம்பியிலிருந்து விழுவது எல்லாம் அதன் அறிகுறிகள். அப்படித் தெரிந்தால் வீட்டு வைத்தியம் வேண்டாம், அன்றே மருத்துவரிடம் ஓடுங்கள். சென்னை வேப்பேரியிலும் நாமக்கல்லிலும் அரசுக் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. தனியாரிடம் போனால், பறவை பார்த்துப் பழகியவரா என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

பறவைக்கு ஏற்றது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான். அதுதானா என்று காந்தம் வைத்துப் பார்த்தால் போதும் என்று கடைக்காரர் சொல்வார். அரைகுறை யோசனை அது. காந்தம் ஒட்டினால் முலாம் பூசிய இரும்பாக இருக்கலாம் என்று சந்தேகப்படலாம், சரி. ஒட்டாததெல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஆகிவிடாது. ஈயம், துத்தநாகம், பித்தளை எதிலுமே காந்தம் ஒட்டாது. பொருளின் மேல் 'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்' என்று எழுதியிருக்க வேண்டும், பில்லிலும் அதையே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்கினால் வாங்க வேண்டாம்.

சலங்கை மாதிரி உருண்டையான மணியை இன்றே கழற்றுங்கள். அதன் கீழே கூட்டல் குறி போல ஒரு கீறல் இருக்கும், முனைப்பக்கம் வரவர ஒடுங்கும். நகம் உள்ளே சுலபமாகப் போகும், வெளியே வராது. பறவை பதறி இழுத்தால் விரல் போய்விடும். வாய் அகன்ற கோயில் மணி வடிவம் தேவலாம், நாக்கு கழன்று வராமல் இருந்தால். சாவிக்கொத்து வளையமும் ஆகாது, அதன் இடுக்கில் அலகு மாட்டிக்கொள்ளும். பருத்திக் கயிறு புதிதாக இருக்கும்வரை சரி. நூல் பிரிய ஆரம்பித்தால் காலில் சுற்றும். விழுங்கினால் தீனிப்பையில் பந்தாகத் திரண்டு அடைக்கும். பிரிந்த நூலை வாரம் ஒருமுறை வெட்டிவிடுங்கள், அல்லது தூக்கிப் போடுங்கள்.

கண்ணாடி ஒற்றைப் பறவையை மயக்கிவிடும். ஆண் பட்ஜி (கடைகளில் 'லவ் பேர்ட்ஸ்' என்று விற்கும் சின்னக் கிளி) தன் பிம்பத்தையே ஜோடி என்று நினைத்து, தின்றதைக் கக்கி ஊட்டப் பார்க்கும். பழக்க நினைப்பவர்கள் கண்ணாடியை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் உங்களை அது ஏறெடுத்தும் பார்க்காது.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சாப்பாட்டு மேசையில் வைத்துப் பழக்குகிறவர்கள் நிறையப் பேர். பக்கத்தில் அடுப்பில் வெறும் நான்-ஸ்டிக் தவா அளவுக்கு மீறிக் காய்ந்தால், அதிலிருந்து வரும் புகை நமக்குத் தெரியும் முன்பே பறவையைக் கொன்றுவிடும்.

கேள்வி: ஆன்லைனில் கிளி பழக்கும் பயிற்சி வகுப்புக்கு 3,000 ரூபாய் கேட்கிறார்கள். 'முந்தின நாள் தீனி போடாமல் பசியோடு வைத்திருங்கள், அப்போதுதான் கற்கும்' என்றார் பயிற்சியாளர். சேரலாமா? (சேலம் வாசகர்)

பதில்: சேராதீர்கள். பட்ஜி 30, 40 கிராம் பறவை. நாள் முழுக்கத் தீனி இல்லாமல் இருந்தால் அது கற்காது, சுருண்டுவிடும். காலைத் தீவனம் வைப்பதற்குக் கொஞ்சம் முன்பு பழக்கினால் தேவையான பசி இயல்பாகவே இருக்கும்.

தீனிதான் பரிசு என்றும் இல்லை. அமெரிக்க ஆய்வாளர் ஐரீன் பெப்பர்பெர்க் 1977-ல் சிகாகோவில் ஒரு கடையில் வாங்கிய அலெக்ஸ் என்ற ஆப்பிரிக்கன் கிரே கிளி, 2007-ல் சாகும்வரை அறிவியல் உலகில் பேர்போனதாக இருந்தது. பொருட்களின் பெயர், நிறம், வடிவம் எல்லாம் சொல்லும், எண்ணும். சரியாகப் பெயர் சொன்னால் அதற்குக் கிடைத்தது பெரும்பாலும் அந்தப் பொருளேதான். சாவி என்று சொன்னால் சாவி, கடித்து விளையாட. விதைக்கு மசியாத பறவை உங்களிடம் இருந்தால் இதை முயன்று பாருங்கள். தலை சொறிந்துவிட்டாலே சொக்கிப் போகும் காக்டெய்ல்கள் உண்டு.

கேள்வி: சீட்டு எடுக்கவும் பேசவும் பழகிய பச்சைக்கிளி ஒன்றை 4,000 ரூபாய்க்குத் தருவதாக ஒருவர் சொல்கிறார். குஞ்சிலிருந்து வீட்டில் வளர்த்ததாம். வாங்கலாமா? (விழுப்புரம் வாசகர்)

பதில்: கூடாது. பச்சைக்கிளி நம் நாட்டுக் காட்டுப் பறவை. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில், 2022 திருத்தத்துக்குப் பிறகு, இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. பிடிப்பதும் விற்பதும் வாங்குவதும் கூண்டில் வைப்பதும் குற்றம். வீட்டிலேயே வளர்ந்தது என்ற பேச்சு எடுபடாது. பில் கிடைக்காது, ஆகவே ஏமாந்தாலும் எங்கும் புகார் கொடுக்க முடியாது. ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் வனத்துறையிடம் ஒப்படையுங்கள். இறகு வெட்டிய கிளியை மொட்டை மாடியிலிருந்து பறக்கவிடுவது அதைப் பூனைக்குக் கொடுப்பதுதான்.

சீட்டு எடுப்பதில் அதிசயமும் இல்லை. கிளி ஜோசியக்காரர் ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு நெல்மணி கொடுப்பதைக் கவனித்திருப்பீர்கள். பட்ஜிக்கே இதைப் பழக்கலாம், தினையைப் பரிசாக வைத்து. பட்ஜி, காக்டெய்ல் இரண்டுக்கும் பதிவு எதுவும் தேவையில்லை. நம் ஊர்க் கடைகளில் 'லவ் பேர்ட்ஸ்' என்று விற்பது பெரும்பாலும் பட்ஜிதான். சன் கன்யூர், ஆப்பிரிக்கன் கிரே, மக்காவ் என்று போனால் கதை வேறு. அவை வெளிநாட்டு இனங்களுக்கான நான்காம் பட்டியலில் வருகின்றன. 2024-ல் வந்த விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்தாக வேண்டும். விற்பவரிடம் அந்தப் பதிவைக் காட்டச் சொல்லுங்கள். 'அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்' என்றால் பறவையையும் அப்புறமே பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய மரப் பொம்மையில் சாயம் கையில் ஒட்டுகிறது. படத்தில் இருந்ததும் வந்ததும் வேறு. 'செல்லப்பிராணிப் பொருள், ரிட்டர்ன் கிடையாது' என்கிறார்கள். (கோவை வாசகர்)

பதில்: மனம் மாறித் திருப்பிக் கொடுப்பதற்கு வேண்டுமானால் அப்படிச் சொல்லிக்கொள்ளட்டும். குறையுள்ள பொருளுக்கும் விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளுக்கும் அது செல்லாது. 2020-ன் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் இதைத் தெளிவாகவே சொல்கின்றன. விற்பவர் பொருளைத் திரும்ப எடுக்கவோ பணத்தைத் தரவோ மறுக்க முடியாது.

பொம்மையை ஈரத் துணியால் துடைத்து, சாயம் ஒட்டியதைப் படம் எடுங்கள். விற்பனைப் பக்கத்தையும் இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், நாளை மாற்றிவிடுவார்கள். அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாகப் பதில் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நடக்கவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பெரும்பாலான சின்னத் தொகை விவகாரங்கள் இங்கேயே முடிந்துவிடும். அதற்கும் மசியாவிட்டால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பொருளுக்கு நீங்கள் கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமே இல்லை. கம்பெனி டெல்லியில் இருந்தாலும் கோவையிலேயே வழக்குப் போடலாம். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

இதெல்லாம் பில்லும் முகவரியும் இருந்தால்தான். வாட்ஸ்அப்பில் படம் பார்த்து, ஜிபே-யில் பணம் அனுப்பி, பார்சல் வாங்குகிறவர்களுக்கு ஆளைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. உறையில் தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் பெயர், எந்த நாட்டில் செய்தது, அதிகபட்ச விலை, புகார் எண் நான்கும் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாத சரக்கை என்ன மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

கேள்வி: பழக்கும்போது 'டிக்' சத்தம் எழுப்பும் கிளிக்கர் கருவி கட்டாயம் வாங்க வேண்டுமா? உண்டியல் வித்தைக்கு நிஜக் காசு கொடுக்கலாமா? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: பட்டன் அழுத்தும் பால் பாயிண்ட் பேனாவின் 'டிக்' போதும். நாக்கைத் தட்டிச் சத்தம் எழுப்பினாலும் சரிதான், ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி ஒலித்தால் போதும். காசு வேண்டாம். ஊரெல்லாம் கைமாறிய அழுக்கு அதில் இருக்கும், பறவை அதை நக்கிக்கொண்டே இருக்கும். பலகை விளையாட்டுகளில் வரும் பிளாஸ்டிக் வில்லைகளைக் கழுவிக் கொடுங்கள். பழக்கும்போது மட்டும் வெளியே எடுங்கள், முடிந்ததும் எண்ணி உள்ளே வையுங்கள்.