குழந்தையின் இடுப்பில் நீலத் தடம்: பயப்பட வேண்டுமா?

கேள்வி: என் மகளுக்கு 40 நாள் ஆகிறது. பிறந்ததிலிருந்து இடுப்புக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு நீலமாக ஒரு தடம் இருக்கிறது. குளிப்பாட்ட வரும் பாட்டி அழுத்தியதில் கன்றிவிட்டது என்கிறார் மாமியார். கிரகணத்தில் வெளியே போனதால் வந்தது என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. பின்கழுத்திலும் சிவந்திருக்கிறது. என்ன செய்வது?
- ஒரு தாய், கடலூர் முதுநகர்

பதில்: முதலில் அந்தப் பாட்டியைச் சந்தேகப்பட வேண்டாம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இது அடியும் இல்லை, கிரகணமும் காரணம் இல்லை. பிறவியிலேயே வரும் மச்சம்தான். தோலுக்கு நிறம் தரும் செல்கள் கருவிலேயே மேல்தோலுக்கு வந்து சேர வேண்டும். சில செல்கள் வழியிலேயே, ஆழத்தில் தங்கிவிடும். அவற்றின் கருமை தோலுக்கு அடியிலிருந்து தெரிவதால் நீலமாகத் தோன்றுகிறது. நம் ஊர்க் குழந்தைகளுக்கு இது சர்வசாதாரணம்.

மெல்லத் தொட்டுப் பாருங்கள், குழந்தைக்கு வலிக்காது. கன்றிய இடம் என்றால் சில நாளில் பச்சை, மஞ்சள் என்று நிறம் மாறி மறைந்துவிடும். இது அப்படியே இருக்கும். பள்ளிக்கூடம் போகும் வயதுக்குள் பெரும்பாலும் மங்கிவிடும், சிலருக்கு இன்னும் சில வருடம் ஆகும். எலுமிச்சை, மஞ்சள், பயத்தமாவு என்று எதையும் போட்டுத் தேய்க்காதீர்கள். நிறம் இருக்கும் ஆழத்துக்கு அவை போகாது, பிஞ்சுத் தோல்தான் புண்ணாகும்.

பின்கழுத்துச் சிவப்பு, விரிந்த நுண்ணிய ரத்தக் குழாய்கள். அழும்போது கூடுதலாகச் சிவக்கும். கண்ணிமையில் வந்தால் ஓரிரு வருடத்தில் போய்விடும். கழுத்தில் வருவது முடிக்கு அடியில் தங்கிவிடலாம். அதனால் கெடுதல் இல்லை.

சரி, எப்போது கவலைப்பட வேண்டும்? பிறந்த சில வாரங்களில் சிவப்பாகப் புடைத்து வளரும் கட்டி பெரும்பாலும் தானாகவே சுருங்கும். ஆனால் கண், மூக்கு, உதட்டுக்குப் பக்கத்தில் வந்தாலோ புண்ணானாலோ காத்திருக்காதீர்கள். முதல் சில மாதங்களில்தான் அது வேகமாக வளரும், மருந்தைச் சீக்கிரம் தொடங்கினால்தான் பலன் அதிகம். நெற்றியில் ஒரு பக்கமாக அடர் சிவப்புப் படலம், முதுகெலும்பின் அடியில் முடிக்கொத்து அல்லது ஆழமான குழி, வயிறு மார்பெல்லாம் பரவிய நீலத் தடங்கள் இருந்தாலும் குழந்தை மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். பக்கத்திலேயே புதுச்சேரி ஜிப்மரில் தோல் பிரிவும் குழந்தைகள் பிரிவும் இருக்கின்றன.

ஒன்றரை மாத ஊசிக்குப் போகும்போது டாக்டரிடம் இரண்டையும் காட்டுங்கள். எந்த இடம், எவ்வளவு பெரிது என்று தடுப்பூசி அட்டையிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். நாளைக்கு வேறு மருத்துவமனையிலோ குழந்தைக் காப்பகத்திலோ யாராவது அடித்த காயம் என்று நினைத்தால், அந்த அட்டையைக் காட்டலாம்.