மூன்றாவது முறை நீட் எழுதலாமா?

அன்புத் தங்கைக்கு,

"ரெண்டு வருசம் போச்சுக்கா, இப்ப விட்டா எல்லாம் வீண்" என்று எழுதியிருந்தாய். அந்த வரியை விட்டு என்னால் நகர முடியவில்லை.

அதில் பேசுவது, பத்தாம் வகுப்பில் நோட்டு அட்டையில் தன் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' என்று எழுதிப் பார்த்த பிள்ளை. அவளுக்கு நீ கடன்பட்டிருக்கிறாய், மறுக்கவில்லை. ஆனால் பாட்டியை வார்டில் பார்த்துக்கொண்ட நர்ஸம்மாவைப் பார்த்துத்தான் ஆசையே வந்தது என்கிறாய். அப்படியானால் அந்தப் பிள்ளை கேட்டது நோயாளி பக்கத்தில் நிற்கிற வேலையை. நீட் அதற்கு ஒரு வாசல். கோச்சிங்குக்கு அப்பா கட்டிய பணம் நீ எத்தனை முறை எழுதினாலும் திரும்பி வராது. முடிவெடுக்கும்போது அதைக் கணக்கில் சேர்க்காதே.

இன்றைய உன்னைப் பற்றி ஒரே வரிதான் எழுதியிருக்கிறாய்: ராத்திரி தூக்கமில்லை. எனக்கு அதுதான் பெரிய விஷயம். இரண்டு வருட ஓ.எம்.ஆர். விடைத்தாள் நகலையும் எடுத்து வை. உயிரியலுக்கு மட்டும் 360 மதிப்பெண், மொத்தம் 720-ல் சரிபாதி. அங்கே ஏறியிருக்கிறதா? இயற்பியலில் தெரியாமல் விட்டவை எத்தனை, தெரிந்தும் பதறிப்போய்த் தப்பாகப் போட்டவை எத்தனை? தெரியாததைப் படித்துச் சரிசெய்யலாம். பதற்றம்தான் காரணம் என்றால், அதே அறையில் இன்னொரு வருடம் உட்கார்ந்தால் கூடத்தான் செய்யும்.

இருபத்தைந்து வயதில் நீ எங்கே நிற்பாய் என்பதையும் பார்ப்போம். எம்.பி.பி.எஸ். நாலரை வருடம், அதோடு ஒரு வருடப் பயிற்சி. நீட் எழுத உச்ச வயது வரம்பு இப்போது இல்லை, எத்தனை முறை என்ற கட்டுப்பாடும் இல்லை. அதனால் இந்த வருடத்தோடு கதவு மூடிவிடாது. தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங்குக்கும், மாநில ஒதுக்கீட்டில் கால்நடை மருத்துவத்துக்கும் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான் இடம் தருகிறார்கள். உன் பிளஸ் டூ மதிப்பெண் நன்றாகவே இருக்கிறது.

என்னைக் கேட்டால், இந்த வருடம் நர்சிங்கில் சேர். வார்டுக்குள் போய்ப் பார். அதற்குப் பிறகும் டாக்டர் ஆசை அப்படியே இருந்தால் தாராளமாக எழுது. இடையில் விலகினால் கட்டணம், அசல் சான்றிதழ் விஷயத்தில் என்ன விதி என்று சேரும்போதே கேட்டுக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவையும் அழைத்துக்கொண்டு வா, அவரிடம் நான் பேசுகிறேன். ஓ.எம்.ஆர். கணக்கை நாளை பகலில் போட்டுக்கொள்ளலாம். இன்றைக்குச் சீக்கிரம் படு.

அக்கா