யூடியூபைப் படிக்க பூர்தியூ எதற்கு? சில கேள்விகள்

யூடியூபையே ஒரு 'களம்' என்று எடுத்துக்கொண்டு ஆய்வு செய்யலாமா?

வேண்டாம். அது ஒரு தளம், அவ்வளவுதான். பிரெஞ்சு சமூகவியலாளர் பியர் பூர்தியூ 'களம்' என்று சொன்னது, ஒரே விஷயத்துக்காக ஆட்கள் போட்டியிடும் சமூக வெளியை. அதில் இருப்பவர்கள் ஒரே பந்தயத்தை மதிக்க வேண்டும், ஒருவர் மேலே போனால் இன்னொருவருக்கு உறைக்க வேண்டும். தமிழ் சினிமா விமர்சனத்தை எடுங்கள்: பத்திரிகையில் எழுதுபவர், தியேட்டர் வாசலில் மைக் நீட்டுபவர், இடைவேளையிலேயே ட்வீட் போடுபவர், தயாரிப்பாளர் என எல்லோரும் 'எது விமர்சனம், அதை யார் சொல்லலாம்' என்பதில்தான் முட்டிக்கொள்கிறார்கள். 2024 டிசம்பரில் தயாரிப்பாளர் சங்கம் ஒன்று, படம் வெளியாகி முதல் மூன்று நாள் விமர்சனமே கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது, நீதிமன்றம் தடை விதிக்க மறுத்தது. களத்தின் எல்லையைத் தேடுகிறவர்கள் முதலில் இந்த மாதிரி வழக்குகளைத்தான் படிக்க வேண்டும் என்பேன்.

சந்தாதாரர் எண்ணிக்கையை மூலதனமாகக் கணக்கிடலாமா?

பூர்தியூவுக்கு மூலதனம் என்றால் காசு மட்டுமல்ல, பெயர், தொடர்பு, படிப்பும்தான். அதனால் எண்ணிக்கை எதுவாக மாறுகிறது என்று பாருங்கள். புதுக்கோட்டை மாவட்டத்து வில்லேஜ் குக்கிங் சேனலுக்கு 2021-இல் ராகுல் காந்தி வந்து, காளான் பிரியாணிக்குத் தயிர்ப் பச்சடி கலக்கினார், அதே ஆண்டு சேனல் 1 கோடி சந்தாதாரர்களைத் தாண்டியது, 2022-இல் 'விக்ரம்' படத்திலும் அந்தக் குழு தலைகாட்டியது. பார்வைகள் பெயராகி, பெயர் வேறு களத்தின் கதவைத் திறந்தது. இதே அளவு பார்வை வாங்கும் பிராங்க் வீடியோக்காரருக்கு விளம்பரக் காசோடு கதை முடிந்துவிடலாம். ஏன் இந்த வித்தியாசம் என்பதுதான் ஆய்வுக் கேள்வி. நேரமிருந்தால் சாதி, ஊர், வயது மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். ஆய்வாளர்கள் பலர் அங்கே வரும்போது நழுவிவிடுகிறார்கள்.

அல்காரிதம் பற்றி பூர்தியூ எதுவும் சொல்லவில்லையே?

எப்படிச் சொல்வார், அவர் 2002-இல் இறந்தார், யூடியூப் வந்ததே 2005-இல். ஆனால் 1996-இல் தொலைக்காட்சி பற்றி எழுதியபோது, ரேட்டிங் வழியாகச் சந்தை எப்படிப் பத்திரிகையாளரின் தலைக்குள் குடியேறுகிறது என்று காட்டினார். அங்கிருந்து தொடங்கலாம். இன்று ஒவ்வொரு வீடியோவுக்கும் பார்வையாளர்கள் எந்த இடத்தில் கழன்றுகொண்டார்கள் என்று ஒரு கோடு இறங்கிக் காட்டுகிறதே, வீடியோ போடுபவரிடம் அதைத் திறக்கச் சொல்லி, எந்தச் சரிவுக்காக எதை வெட்டினார் என்று கேளுங்கள்.

ஹேபிட்டஸை நேர்காணலில் எப்படிப் பிடிப்பது?

ஹேபிட்டஸ் என்பது வளர்ந்த விதம் ஒருவருக்குள் பதித்துவிட்ட, யோசிக்காமலே வெளிப்படும் ரசனையும் பழக்கமும். நேரடியாகக் கேட்டால் சிக்காது, 'மக்களுக்குப் பிடிச்சதைச் செய்றேன்' என்பார்கள். எடிட் செய்யும்போது பக்கத்தில் உட்காருங்கள். பிசிறில்லாத டேக்கை ஒருவர் 'ரொம்ப டிவி மாதிரி இருக்கு' என்று தூக்கிப்போட்டால், உடனே குறித்துக்கொள்ளுங்கள், அந்த ரசனையில்தான் ஹேபிட்டஸ் தெரிகிறது.